பதினான்கும் பதினைந்தும்

ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தையல் கூடத்தின் பெல்ட்டை நிறுத்தினார்கள். அறுபது மிஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அந்த அமைதியில், வலப்பக்கத்து மிஷினில் ஷோபனா மூச்சு விடுகிற சத்தம் மீனம்பாளுக்குக் கேட்டது. பதினோரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள். ஐந்து மாதமாகப் பேசாதவள்.

"எல்லாரும் கேன்டீனுக்கு வாங்க. கொஞ்ச நேரம் பேசணும்" என்றார் புது மேனேஜர் ஆனந்தராஜ்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில், ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. வெளிநாட்டுக்குப் போகிற ஷூக்களின் மேல்பாகத்தை மட்டும் அங்கே தைத்தார்கள். வெட்டிய தோல் துண்டுகள் பெல்ட்டின் ஒரு முனையில் ஏறும். ஒவ்வொருத்தியும் தனக்கான ஒரு தையலைப் போட்டு அடுத்தவள் பக்கம் தள்ளுவாள். மறுமுனையில் முழு மேல்பாகமாக வந்து விழும். மீனம்பாளுக்குப் பதினான்காம் நம்பர் மிஷின், குதிகால் தையல். ஷோபனாவுக்குப் பதினைந்தாம் நம்பர், நாக்குப் பட்டை.

கேன்டீனில் ஆனந்தராஜ் நின்றுகொண்டே பேசினார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய ஆர்டர்கள் குறைந்துவிட்டன என்றார். இனி வருவதெல்லாம் முந்நூறு ஜோடி, ஐந்நூறு ஜோடி, ஒவ்வொன்றும் ஒரு மாடல். இவ்வளவு நீளமான வரிசையை வைத்துக்கொண்டு அதைத் தைக்க முடியாது. பெல்ட்டை எடுத்துவிட்டு ஆறு ஆறு பேராகப் பத்துக் குழு அமைக்க வேண்டும். ஒரு குழுவே ஒரு மேல்பாகத்தை முழுதாகத் தைத்து முடிக்கும். எல்லாருக்கும் எல்லாத் தையலும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இருந்த மேனேஜர் இதையே செய்துபார்த்திருந்தார். சனிக்கிழமை வீட்டுக்குப் போனவர்கள் திங்கட்கிழமை வந்தபோது மிஷின்கள் இடம் மாறிக் கிடந்தன. யார் எங்கே என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. நின்றுகொண்டுதான் தைக்க வேண்டும் என்று நாற்காலிகளையும் எடுத்துவிட்டிருந்தார்கள். பத்தொன்பது பெண்கள் வேலையை விட்டுப் போனார்கள். ஒன்றரை மாதத்தில் பெல்ட் பழைய இடத்துக்கே வந்தது. அந்த மேனேஜரும் போய்விட்டார்.

"போன தடவ நடந்தது எனக்குத் தெரியும். இந்தத் தடவ உங்களக் கேட்டுட்டுத்தான் செய்வோம்" என்றார் ஆனந்தராஜ்.

ராஜாம்பாள் எழுந்தாள். பனமலையிலிருந்து வருகிறவள். கூடத்தில் அவள்தான் வயதில் மூத்தவள். யாரிடமும் குரலைத் தணித்துப் பேச மாட்டாள்.

"கேக்கறதுன்னா கேளுங்க சார். சொல்றதுன்னா சொல்லிடுங்க. முடிவ எழுதி பாக்கெட்ல வெச்சிக்கினு, உங்களக் கேக்கறேன்னு சொன்னீங்கன்னா எங்களுக்குப் புரிஞ்சிடும்."

ஆனந்தராஜ் கொஞ்சம் யோசித்தார். "குழுவா மாறணும்ங்கறது முடிவாயிடுச்சும்மா. அதுல நான் பொய் சொல்லல. எப்படி மாறணும்ங்கறது இன்னும் முடிவாகல. மிஷின எங்க போடறது, நின்னு தைக்கறதா உக்காந்து தைக்கறதா, தெரியாத தையல எப்படிப் பழகறது, எல்லாத்தையும் நீங்க சொல்லுங்க."

"உக்காந்துதான்" என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு மீனம்பாள் பேசினாள். பேசப் போகிறோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"யார் யார் கூட உக்கார்றதுன்றதயும் நாங்களே சொல்றோம் சார்."

"எப்படிச் சொல்லுவீங்க?"

"ஆளுக்கு ஒரு சீட்டு குடுங்க. யார் கூட இருக்கணும்னு ஆசைப்படறாங்களோ, அவங்க பேர எழுதிப் போடட்டும்."

கேன்டீன் முழுக்க ஒரு சலசலப்பு. நல்ல யோசனை என்றார்கள். கையைத் தூக்கி அவளையே கூடத்தின் பிரதிநிதியாகவும் ஆக்கினார்கள். மேனேஜரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடிக்க வேண்டியது இனி அவள் பொறுப்பு. ஜன்னலில் ராஜகிரி மலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. மீனம்பாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷோபனா நின்ற பக்கம் திரும்பவில்லை. ஆனால், யாரை நினைத்து அந்த யோசனையைச் சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஷோபனா இரண்டு வயது மூத்தவள். மீனம்பாள் அவளை அக்கா என்பாள். வேலை பழகிய முதல் மாதம் ஊசி இருவர் விரலையும் பதம் பார்த்தது. பெல்ட்டிலிருந்து தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் லேசாக அசைத்துப் பேச அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். சூப்பர்வைசர் பின்னால் நின்றாலும் தெரியாது. அப்படிப் பேசிப் பேசியே ஷோபனாவின் வீடு மீனம்பாளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. மண்டகப்பட்டுப் பக்கம், வாசலில் வேம்பு, பின்கட்டில் மோட்டார், மாமியார் காலையில் உட்காருகிற இடம், சாயங்காலம் உட்காருகிற இடம். அந்த வீட்டை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஷோபனாவின் ஒரே மகள் பூங்குழலி பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி மறுபடியும் எழுதியது, நர்சிங் சேர்ந்தது, முதல் ஊசி போடும்போது கை நடுங்கியது, எல்லாவற்றையும் மிஷின் சத்தத்துக்கு அடியில் கேட்டிருந்தாள். மதியம் டப்பாவைத் திறந்தால் எது யார் சோறு என்று தெரியாது. ஷோபனா ஊர்த்தெரு, மீனம்பாள் காலனி. இருவருக்கும் அது தெரியும். கம்பெனி கேட்டுக்கு உள்ளே அது தேவைப்படவில்லை.

மாசியில் பூங்குழலிக்குக் கல்யாணம் வைத்தார்கள். ஷோபனா தட்டில் குங்குமத்தோடு வந்து வரிசை முழுக்கப் பத்திரிகை கொடுத்தாள். முதல் பத்திரிகை மீனம்பாளுக்குத்தான். முந்தின நாள் நலங்குக்கு எல்லாரும் வீட்டுக்கே வர வேண்டும், வேன் சொல்லியிருக்கிறேன் என்றாள். மறுநாள் மதியம் கை கழுவுகிற குழாயடியில் பக்கத்தில் வந்து நின்று, ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"மீனா, நீ கல்யாணத்தன்னிக்கு நேரா மண்டபத்துக்கு வந்துடு. நலங்குக்கு வேணாம். எங்க மாமியார் வூட்டு சனமெல்லாம் இருப்பாங்க. உன்ன யாராவது ஒரு வார்த்த சொல்லிட்டா என்னால தாங்க முடியாது."

"சரிக்கா" என்றாள் மீனம்பாள்.

கூடத்திலிருந்து இரண்டு வேன் போயிற்று. மீனம்பாள் நலங்குக்கும் போகவில்லை, மண்டபத்துக்கும் போகவில்லை. அந்த வீட்டுக்குள் தன்னை விடுவார்கள் என்று அவள் எப்போதும் எதிர்பார்த்ததில்லை. அதனால் அது வலிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வலித்தது. பதினோரு வருடம் தலையைத் திருப்பாமல் பேசியது சூப்பர்வைசருக்குப் பயந்து. குழாயடியில் எந்த சூப்பர்வைசரும் இல்லை, அங்கேயும் ஷோபனா முகத்தைத் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் இருந்ததெல்லாம் "நூல் இருக்குதா", "பாபின் குடு", "இது தெறிச்சிருக்குது பாரு" என்கிற அளவுதான். ஆனால், ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று நடந்தது. மகன் செந்தமிழனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அவலூர்பேட்டை சந்தை வரை போய்விட்டது. எது நடந்தாலும் மீனம்பாளுக்கு முதலில் வருகிற நினைப்பு, ஷோபனாக்காவிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். பிறகுதான் மற்றது நினைவுக்கு வரும். ஒரு முழங்கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, சொல்லாத சேதிகளை மாலையில் அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள்.

அடுத்த மூன்று வாரம் கூடம் கலகலப்பாக இருந்தது. தினமும் மதியம் ஒரு மணி நேரம் பெல்ட்டை நிறுத்திவிட்டு, ஒருத்தி தன் தையலை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். மீனம்பாள் மேனேஜர் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். நாற்காலிக்கு முதுகு வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு குழுவும் ஆறு மிஷினை அரைவட்டமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றானது. ஒரு சனிக்கிழமை மதியம் பெண்களே சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு போட்டார்கள். இங்கே காற்று வராது, இங்கே வெளிச்சம் பத்தாது என்று அழித்து அழித்துப் போட்டார்கள். பத்தொன்பது பேர் வேலையை விட்ட அதே கூடம்தான்.

சீட்டுக்கும் விதி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஆளுக்கு மூன்று பேர் எழுதலாம். மூவரில் ஒருவராவது கட்டாயம் தன் குழுவில் கிடைப்பார். இருவரில் ஒருவர் எழுதியிருந்தாலே சேர்த்துப் போடலாம். பெட்டியில் விழும் சீட்டுகளை மேனேஜரும் பிரதிநிதியும் மட்டும் பிரிப்பார்கள். வெளியில் சொல்ல மாட்டார்கள்.

மீனம்பாள் தன் சீட்டில் முதல் பேராக ஷோபனா என்று எழுதினாள். அதற்குக் கீழே ராஜாம்பாள், வெண்மதி. எழுதியபோது கை சட்டென்று ஓடிவிட்டது. ஐந்து மாதக் கோபம் அந்த இடத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சீட்டுப் போடுகிற அன்று பெட்டிக்குப் பக்கத்தில் அவள்தான் நின்றாள். ஒவ்வொருத்தியாக வந்து போட்டார்கள். ஷோபனா கடைசி நாலு பேரில் ஒருத்தியாக வந்தாள். சீட்டைச் சின்னதாக, திரும்பத் திரும்ப மடித்திருந்தாள். போடும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியின் வாய்க்குள் அது விழுந்த பிறகும் ஒரு நொடி அங்கேயே கையை வைத்திருந்தாள்.

மறுநாள் மதியம் மேனேஜர் அறையில் பெட்டியைத் திறந்தார்கள். ஆனந்தராஜ் ஒவ்வொரு சீட்டாகப் படிக்க, மீனம்பாள் பெரிய தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். அவளுடைய சீட்டு பாதியில் வந்தது. தன் பேரையும் அதற்கு எதிரே ஷோபனா பேரையும் அவளே எழுதினாள். ஷோபனாவின் சீட்டு வரும் வரை மற்றவர்கள் பேரெல்லாம் காதில் விழுந்து கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஷோபனா" என்று ஒரு சீட்டைப் பிரித்தார் ஆனந்தராஜ். "சாமுண்டீஸ்வரி, கலைச்செல்வி. மூணாவது எழுதி அடிச்சிருக்காங்க. படிக்க முடியல."

சீட்டை அவளிடம் நீட்டினார். முதல் இரண்டு பேரும் மண்டகப்பட்டு வேனில் ஷோபனாவோடு வருகிறவர்கள். மூன்றாவது வரியில் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கியதில் தாளே நைந்துபோயிருந்தது. மீனம்பாள் அதையே பார்த்தாள். அது யார் பேராகவும் இருக்கலாம். எழுதிவிட்டு அடித்தால், வேண்டாம் என்றுதானே அர்த்தம்.

"ரெண்டு பேருன்னு எழுதிக்கறேன் சார்" என்றாள்.

மாலையில் குழுக்களைப் பிரிக்கும்போது ஆனந்தராஜ் அவள் பேரில் வந்து நின்றார். "உங்க முதல் சாய்ஸ் ஷோபனா. ஒரே குழுவுல போட்டுடலாமா? அவங்க கேட்ட கலைச்செல்வியையும் அதுலயே கொண்டுவந்துடலாம். இடம் இருக்கு."

"அவங்க என் பேர எழுதல சார்."

"எழுதணும்னு விதி இல்லையே. ஒருத்தர் கேட்டாப் போதும்."

அவர் சொன்னது சரி. அந்த விதியை எழுதியதே அவள்தான். ஒரு தலையாட்டல் போதும். திங்கட்கிழமையிலிருந்து ஷோபனா மறுபடி பக்கத்தில் இருப்பாள். கேட்காத இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள் என்று நினைத்தபடி இருப்பாள். மீனம்பாள் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

"எனக்கு ராஜாம்பாள் போதும் சார். ஷோபனாவ அவங்க கேட்ட ரெண்டு பேரோட போடுங்க."

ஆனந்தராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதம்தானே?"

"சம்மதம் சார்."

ஆவணி பிறந்ததும் புது வேலை முறை தொடங்கியது. மீனம்பாள் மூன்றாம் குழு. ஷோபனா எட்டாம் குழு, கூடத்தின் அந்தக் கோடியில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பட்டியலை ஒட்டிய காலையில் எல்லாரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். ஷோபனா மட்டும் பட்டியலுக்கு முன்னால் அதிக நேரம் நின்றாள். பிறகு மீனம்பாளைத் தேடிப் பார்த்தாள். ஆறு மாதத்தில் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏன் அப்படிப் பார்த்தாள் என்று மீனம்பாளுக்கு விளங்கவில்லை.

வேலை நன்றாகத்தான் போயிற்று. குதிகாலை மட்டுமே தைத்துத் தைத்து மரத்துப்போயிருந்த வலது தோள், இரண்டு வாரத்தில் வலி விட்டது. ஒரு மேல்பாகம் தன் கண் எதிரே ஆரம்பித்து முடிவதைப் பார்ப்பது மீனம்பாளுக்குப் பிடித்திருந்தது. குழுவில் பேசலாம், யாரும் தடுக்கவில்லை. ராஜாம்பாள் ஓயாமல் பேசினாள். சின்னவள் வெண்மதி பாட்டுப் பாடினாள். மீனம்பாள் சிரித்தாள், பதில் சொன்னாள். நடுநடுவே தலையைத் திருப்பாமல் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வாள்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. வேன்கள் வரத் தாமதமாயிற்று. பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கேட் பக்கத்துக் கொட்டகையில் நின்றார்கள். மீனம்பாள் சைக்கிள் நிறுத்துகிற ஓரத்தில் தனியாக நின்றிருந்தாள். ஷோபனா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். சீட்டுல என் பேர எழுதனியா?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி" என்றாள் மீனம்பாள்.

"உன் சீட்டத்தான கேக்கறேன்."

"எழுதனேன். முதல் பேரா."

"அப்புறம் ஏன் என்ன எட்டுல போட்ட?"

"உன் சீட்டுல என் பேரு இல்லியே."

ஷோபனா மழையைப் பார்த்தாள். பிறகு, இந்தத் தடவை முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். "மூணாவதா எழுதனேன் மீனா. எழுதிட்டு அடிச்சிட்டேன்."

"ஏன்?"

"பிரிக்கப் போறது நீதான. படிக்கறப்ப இன்னா நெனப்ப? வூட்டுக்குக் கூப்ட வாய் வர்ல, மிஷினுக்குக் கூப்ட மட்டும் வந்துச்சான்னு நெனப்பியா மாட்டியா?"

அப்படித்தான் நினைத்திருப்பாள் மீனம்பாள்.

"எழுத எனக்கு இன்னா மூஞ்சி இருக்குது" என்றாள் ஷோபனா. "நீ எழுதிடுவன்னு நெனச்சேன். ஒருத்தர் எழுதினா போதும்னு போர்டுல போட்டிருந்துச்சே. அதான் பேசாம இருந்துட்டேன். நீயா வந்து என்ன இஸ்துக்குவன்னு இருந்தேன்."

"இஸ்துக்க முடியும்தான். சாரே கேட்டாரு. நீ அடிச்ச பேரு என் பேருதான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இஷ்டமில்லாத ஆள இஸ்து வெச்சிக்கினு எப்பிடிக்கா தைக்கறது?"

தகரத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. சாலையில் வேன் விளக்கு தெரிந்தது.

"மீனா, எங்க வூட்டுக்கு வான்னு சொல்ற தைரியம் எனக்கு இன்னும் வர்ல. பொய் சொல்ல மாட்டேன். மாமியார் இருக்குது, அவரு இருக்காரு. உன் வூட்டுக்கு நான் வரட்டுமா?"

"வந்து?"

"தெர்ல. வரணும்னு இருக்குது."

மீனம்பாளுக்குக் கோபம் வந்தது. அதோடு சேர்ந்தே இன்னொன்றும் வந்தது. கூப்பிட முடியாதவள் வருகிறேன் என்கிறாள். தன் வீட்டுக் கதவைத் திறப்பது மட்டும் இவளால் ஆகாது. ஆனாலும் வருகிறேன் என்கிறாள். வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"ஞாயித்துக்கெழம வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டைக் கழுவினாள். வேர்க்கடலை அவித்து வைத்தாள். கோழி எடுத்துக் குழம்பு வைக்கலாமா என்று யோசித்து, சாப்பிடுவாளோ மாட்டாளோ என்று விட்டுவிட்டு, கடைசியில் வைத்தாள். கணவன் பெரியதம்பி கொத்தனார் வேலைக்குப் போகாத நாள். வாசலில் நின்று அவள் அலைவதைப் பார்த்தான்.

"யார் வராங்க?"

"கம்பெனில ஒருத்தங்க."

"பதினஞ்சாம் நம்பரா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, "நான் டீக்கடை பக்கம் இருக்கறேன்" என்று கிளம்பினான்.

பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற பஸ் ஒவ்வொன்றின் சத்தத்துக்கும் மீனம்பாள் எழுந்து வெளியே வந்தாள். மூன்றரைக்கு ஷோபனா தெருமுனையில் தெரிந்தாள். செருப்பெல்லாம் சேறு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"முன்னாடி ஸ்டாப்புலயே இறங்கிட்டேன். பதினோரு வருஷத்துல நீ எந்த ஸ்டாப்புன்னு கேட்டதே இல்ல பாரு. ஊர்த்தெரு வழியாதான் வந்தேன். காலனி மீனம்பாள் வூடு எதுன்னு கேட்டேன். கேட்டவங்கள்லாம் என்ன ஒரு மாதிரி பாத்தாங்க."

"அந்தப் பார்வ எனக்குப் பழக்கம்க்கா" என்றாள் மீனம்பாள். "கால் கழுவிக்கினு உள்ள வா."

உள்ளே எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். உட்கார்ந்ததும் பேச்சு வரவில்லை. இப்படி முகம் பார்த்து உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. ஷோபனா சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள். மீனம்பாள் கடலைத் தட்டை நகர்த்தினாள். ஷோபனாவின் காதோரம் இவ்வளவு நரை இருப்பதை அவள் கவனித்ததே இல்லை. குழம்பு ஊற்றிச் சோறு போட்டதும் ஷோபனா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகுதான் பூங்குழலிக்கு மூன்று மாதம் என்று சொன்னாள்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று மீனம்பாள் நிறுத்தினாள்.

"யாருக்குமே சொல்லல. உனக்குச் சொல்லாம மத்தவங்களுக்கு எப்பிடிச் சொல்றது?"

ஆறரை மணி பஸ்ஸுக்கு மீனம்பாள் கூட நடந்து போனாள். நலங்கைப் பற்றி ஷோபனா ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பு என்கிற வார்த்தையையும் எடுக்கவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால், "அடுத்த தடவ சரியான ஸ்டாப்புல எறங்குவேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசியில் குழுக்களை மறுபடி பார்த்து, வேண்டியவர்கள் மாறிக்கொள்ளலாம் என்று ஆனந்தராஜ் சொன்னார். ஷோபனா மூன்றாம் குழுவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அடுத்த நாள் எட்டாம் குழுவின் ஐந்து பேரும் சேர்ந்து மீனம்பாளிடம் வந்தார்கள். ஷோபனாவை எடுத்துவிடாதே என்றார்கள். எல்லாத் தையலும் சுத்தமாகத் தெரிந்தவள் அவள்தான், அவள் போனால் எங்கள் குழு நிற்காது என்றார்கள். மீனம்பாளை அந்தப் பக்கம் அனுப்பலாம் என்றால் ராஜாம்பாளும் வெண்மதியும் ஒத்துக்கொள்ளவில்லை. யாரோடு யார் என்பதை நாங்களே சொல்கிறோம் என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னவள் அவள். கேட்டாகிவிட்டது. போய் ஷோபனாவிடம் சொன்னாள்.

"அவங்க சொல்றது நாயந்தான்" என்றாள் ஷோபனா. மிஷின் பக்கம் திரும்பி, "விடு" என்றாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆனந்தராஜ் மீனம்பாளைக் கூப்பிட்டு அனுப்பினார். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். வேலையை விட்டவர் ஒருவர்கூட இல்லை. தப்புத் தையல் பாதியாகக் குறைந்திருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"பிரதிநிதின்னு உங்க பேரையும் எழுதியிருக்கேன். இன்னும் ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, சேத்துடறேன்."

"குறை ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்குது."

அவர் எழுதிக்கொண்டார். அவள் போகாமல் நின்றாள். அந்தப் பெல்ட் இருந்தபோது முதுகு வலித்தது, தோள் வலித்தது, கண் எரிந்தது. அது மறுபடி வர வேண்டும் என்று அவள் கேட்கப்போவதில்லை. அது போக வேண்டும் என்று கூட நின்று வேலை செய்தவளும் அவள்தான். அதோடு சேர்ந்து என்ன போயிற்று என்பதை அந்த அறிக்கையின் எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேற ஏதாவது, மீனாம்மா?"

"டீ நேரம் சார். கூட்டமாவுதுன்னு குழுகுழுவாப் பிரிச்சி விடறீங்க இல்ல. எங்களுக்குப் பத்தரை, எட்டாவது குழுவுக்குப் பதினொண்ணு. அந்த ரெண்டு குழுவையும் ஒரே நேரத்துல விடுங்க."

"ஏன், என்ன காரணம்?"

அவள் ஒரு காரணம் தேடினாள். நூல் தரம், மாடல் மாற்றம், ஏதாவது சொல்லலாம்.

"பேசணும் சார்" என்றாள்.

ஆனந்தராஜ் பேனாவைப் பிடித்தபடி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, டீ நேரப் பட்டியலை எடுத்து எட்டாம் குழுவுக்கு எதிரே இருந்த பதினொன்றை அடித்து, பத்தரை என்று எழுதினார்.

மறுநாள் பத்தரைக்கு மணி அடித்ததும் மீனம்பாள் கேன்டீனுக்கு நடந்தாள். ஷோபனா முன்பே வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம்தான். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மாட்டுக் கதையை ஆரம்பித்தாள் மீனம்பாள். மாடு சந்தைக்கு ஓடியது பழைய கதை, மாசி மாதத்தது. கயிற்றை அறுத்த இடம் வரை சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

"அப்புறம்?" என்றாள் ஷோபனா, எழுந்து எட்டாம் குழுவைப் பார்த்து நடந்துகொண்டே.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் மீனம்பாள்.